நடுக்கடலில் இருண்ட கப்பல்கள்!

ஒரு கப்பலின் விலை 100 கோடி பவுன். நம் பணத்தில் 10 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். வானத்தில் வரும் ஏவுகணையையும் சுட்டு வீழ்த்தும் கப்பல். ஆனால் வெயிலைத் தாங்கவில்லை! மின்சாரம் நின்று, நடுக்கடலில் மரக்கட்டை போல் மிதந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஏன் இந்தக் கதி வந்தது? மின்சாரம் நின்ற கப்பலில் மாலுமிகள் என்ன செய்வார்கள்? இதில் நமக்கு உள்ள பாடம் என்ன?

வீட்டில் மின்சாரம் நின்றால் நாம் என்ன செய்கிறோம்? மெழுகுவர்த்தியைத் தேடுகிறோம். விசிறியை எடுத்து வீசிக்கொள்கிறோம். "எப்போது வரும்?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறோம். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறது.

கடலில் பக்கத்து வீடு கிடையாது. கம்பி இழுத்து மின்சாரம் கொடுக்க ஆள் கிடையாது. கப்பலுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கப்பலே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அது நின்றால் விளக்கு மட்டுமா அணையும்? எதிரி வருவதைக் காட்டும் ராடார் குருடாகிவிடும். பீரங்கி திரும்பாது. ஏவுகணை கிளம்பாது. தண்ணீரை இறைக்கும் பம்பு நின்றுவிடும். தீ பிடித்தால் அணைக்கத் தண்ணீர் வராது. காற்று வீசும் மின்விசிறிகள் நின்று, எந்திர அறை சூளை போல் ஆகிவிடும்.

புதுமாதிரிக் கப்பல்களில் இன்னும் ஒரு ஆபத்து உண்டு. மின்சாரம் நின்றால் கப்பலே நின்றுவிடும்!

ஆறு கப்பல்கள்

பிரிட்டிஷ் கடற்படையில் "45-ம் ரகம்" என்று சொல்லப்படும் நாசகாரிக் கப்பல்கள் ஆறு உண்டு. டேரிங், டாண்ட்லெஸ், டைமண்டு, டிராகன், டிபண்டர், டங்கன் என்பன அவற்றின் பெயர்கள்.

டேரிங் என்றால் துணிச்சல். டாண்ட்லெஸ் என்றால் எதற்கும் அஞ்சாதது. பெயருக்குக் குறைவு இல்லை.

ஒவ்வொன்றும் 152 மீட்டர் நீளம். அதாவது 500 அடி. ஒவ்வொன்றிலும் சுமார் 190 பேர் வேலை செய்கிறார்கள். விமானங்களிடம் இருந்தும், ஏவுகணைகளிடம் இருந்தும் மற்றக் கப்பல்களைக் காப்பாற்றுவதுதான் இவற்றின் வேலை.

முதலில் இந்த ரகத்தில் 12 கப்பல் கட்டுவதாகத் திட்டம் போட்டார்கள். பணம் போதவில்லை என்று எட்டாகக் குறைத்தார்கள். பிறகு ஆறோடு நிறுத்திவிட்டார்கள். முதல் கப்பலான டேரிங் 2009-ம் ஆண்டிலும், கடைசிக் கப்பலான டங்கன் 2013-ம் ஆண்டிலும் கடற்படையில் சேர்ந்தன.

ஆறே கப்பல்தான் என்பதால், ஒன்று படுத்தாலும் கடற்படைக்குப் பெரிய நஷ்டம். ஆனால் படுத்தது ஒன்று அல்ல!

வரிசையாக வந்த தொல்லை

டேரிங் கப்பல் 2010-ம் ஆண்டில் அட்லாண்டிக் கடலின் நடுவில் மின்சாரம் இழந்தது. கனடாவுக்குப் போய்ப் பழுது பார்த்துக்கொண்டது. 2012-ம் ஆண்டில் குவைத் பக்கம் போனபோது மறுபடியும் தகராறு.

2014-ம் ஆண்டு பிப்ரவரியில் டாண்ட்லெஸ் பயிற்சிக்காகக் கடலுக்குப் போனது. மின்சாரம் நின்றது. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பியது.

2016-ம் ஆண்டு நவம்பரில் டங்கனுக்கு வந்தது முறை. அப்போது அது கடற்படையில் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எந்திரம் முழுவதும் ஓய்ந்துவிட்டது. இழுவைப் படகு வந்து, பிளிமவுத் துறைமுகத்துக்கு இழுத்துப் போக வேண்டியதாயிற்று. கழுத்தில் கயிறு கட்டி மாட்டை இழுத்துப் போவது போல, 100 கோடி பவுன் கப்பலை இழுத்துப் போனார்கள்.

பத்திரிகைகள் கேலி செய்தன. வரி கொடுக்கும் ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். பாராளுமன்றத்தின் ராணுவக் கமிட்டி, கடற்படைத் தளபதியையும் கம்பெனிக்காரர்களையும் அழைத்து விசாரித்தது. அது 2016-ம் ஆண்டு ஜூன் மாதம்.

கோளாறு எங்கே?

பழைய கப்பல்களில் எந்திரமே நேராகச் சுழல் விசிறியைச் சுற்றும். விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தனி டைனமோ கொடுக்கும். விளக்கு அணைந்தாலும் கப்பல் கொஞ்ச தூரமாவது ஓடும்.

45-ம் ரகக் கப்பல் அப்படி அல்ல. இதில் எந்திரங்கள் மின்சாரத்தை மட்டுமே உண்டாக்குகின்றன. அந்த மின்சாரம் இரண்டு ராட்சத மோட்டார்களை ஓட்டுகிறது. மோட்டார்கள் விசிறியைச் சுற்றுகின்றன. விளக்கு, ராடார், சமையல் அறை, கப்பலின் ஓட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே மின்சாரம்தான். பெரிய குடும்பத்துக்கு ஒரே உலை மாதிரி.

இதனால் லாபமும் உண்டு. எண்ணெய்ச் செலவு குறையும். எந்திரத்தைக் கப்பலில் வசதியான இடத்தில் வைக்கலாம். ஆனால் உலை அணைந்தால், வீட்டில் எல்லாருக்கும் பட்டினி!

ஒவ்வொரு மோட்டாருக்கும் 20 மெகாவாட் சக்தி உண்டு. ஒரு மெகாவாட் என்பது 10 லட்சம் வாட். 100 வாட் பல்பு 10 ஆயிரம் எரியலாம். அப்படியானால் ஒரு மோட்டார் சாப்பிடும் மின்சாரத்தில் இரண்டு லட்சம் பல்பு எரியும்!

இந்த மின்சாரத்தைக் கொடுக்க இரண்டு பெரிய "வாயு டர்பைன்" எந்திரங்களை வைத்தார்கள். ஒவ்வொன்றும் 21 மெகாவாட்டுக்கு மேல் கொடுக்கும். துணைக்கு இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள். அவை ஒவ்வொன்றும் 2 மெகாவாட்தான்.

கொடி அடுப்புத் தந்திரம்

அந்த டர்பைனுக்கு "டபிள்யு. ஆர். 21" என்று பெயர். ரோல்ஸ்–ராய்ஸ் கம்பெனி செய்தது. எண்ணெயை மிச்சம் பிடிக்க அதில் இரண்டு தந்திரம் செய்திருந்தார்கள்.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பைத் தொட்டால் சுடுகிறது அல்லவா? காற்றை அமுக்கினால் சூடு ஏறும். சூடான காற்றை மேலும் அமுக்குவது கஷ்டம். அதனால், பாதி அமுக்கியதும் காற்றைத் தண்ணீர்க் குழாய்களின் நடுவே விட்டுக் குளிர வைத்தார்கள். இது முதல் தந்திரம்.

இரண்டாவது தந்திரம் நம் கொடி அடுப்பு மாதிரி. பெரிய அடுப்பில் வீணாகும் அனல், பக்கத்து அடுப்பில் உள்ள வெந்நீரைக் காய்ச்சுகிறது. அதேபோல, புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து, எரிவதற்குப் போகும் காற்றைச் சூடாக்கினார்கள்.

ஏட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அமெரிக்காவும் பிரான்சும் கூட இந்த எந்திரத்தை உருவாக்கக் கைகொடுத்தன. ஆனால் கடைசியில் தங்கள் கப்பலில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்தது பிரிட்டன் மட்டுமே!

வெப்பமான கடலுக்குப் போனதும் சாயம் வெளுத்தது. பாரசீக வளைகுடாவில் கோடைக் காலத்தில் கடல் தண்ணீரே 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சுடும். வெளிக்காற்று அதைவிடச் சூடு. காற்றைக் குளிர வைக்கும் பகுதி திணறியது. டர்பைனின் சக்தி குறைந்தது. ஆனால் கப்பலின் பசி குறையவில்லை. சுமை தாங்காமல் டர்பைன் நின்றது.

டர்பைன் நின்றதும் முழுச் சுமையும் டீசல் ஜெனரேட்டர்கள் தலையில் விழுந்தது. இரண்டு பெரிய காளைகள் இழுத்த பாரவண்டியில் இரண்டு கன்றுக்குட்டிகளைப் பூட்டினால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. டீசலும் நின்றது. கப்பல் இருண்டது!

"குற்றம் யாருடையது?"

விசாரணையில் இந்தக் கேள்விதான் பெரிதாக எழுந்தது.

நீங்கள் கேட்டபடிதான் எந்திரம் செய்து கொடுத்தோம், ஒப்பந்தத்தில் எழுதியதைவிடக் கடுமையான சூட்டில் நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்பது கம்பெனியின் வாதம்.

உலகம் முழுவதும் போகவேண்டிய போர்க்கப்பலுக்கு வெயில் ஒரு சாக்கா என்பது கமிட்டி உறுப்பினர்களின் கேள்வி.

இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் உண்மையான தவறு, திட்டம் போட்ட நாளிலேயே நடந்துவிட்டது. புது எந்திரம் மெதுவாக ஓடும்போதும் எண்ணெய் குடிக்காது என்று நம்பினார்கள். ஆகவே டீசல் ஜெனரேட்டர் சிறிதாக இருந்தால் போதும் என்று தீர்மானித்தார்கள். பெரிய எந்திரம் நின்றால் சிறிய எந்திரம் தாங்குமா என்பதற்கு விடை, கடலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

முதல் ஐந்து நிமிடம்

மின்சாரம் நின்றதும் மாலுமிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலையை இருட்டிலும் செய்யும்படி பழக்கியிருக்கிறார்கள்.

முதலில், பேட்டரியில் எரியும் அவசர விளக்குகள் தாமாகவே எரியும். வழியும் ஏணியும் தெரிய அது போதும். கையில் டார்ச் விளக்கு எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள்.

மேல்தட்டில் இருக்கும் அதிகாரிக்கு முதல் கவலை, மற்றக் கப்பல் வந்து மோதிவிடக் கூடாது என்பது. இரவாக இருந்தால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்குகளை உயரத்தில் ஏற்றுவார்கள். பகலாக இருந்தால் இரண்டு கறுப்புப் பந்துகளைத் தொங்கவிடுவார்கள். "இந்தக் கப்பல் எங்கள் சொல்லைக் கேட்கவில்லை, விலகிப் போங்கள்!" என்பது அதன் அர்த்தம். இது எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பொதுவான சட்டம்.

கரை பக்கத்தில் இருந்து, ஆழமும் குறைவாக இருந்தால், நங்கூரம் பாய்ச்சத் தயாராக நிற்பார்கள். சுக்கானைக் கையால் திருப்புவதற்குச் சிலர் கப்பலின் பின்பக்கம் ஓடுவார்கள்.

டெலிபோன் வேலை செய்யாதே, எப்படிப் பேசுவது? அதற்கும் வழி உண்டு. பல போர்க்கப்பல்களில் மின்சாரம் தேவைப்படாத டெலிபோன் இருக்கிறது. பேசுகிறவரின் குரலே அதற்குச் சக்தி. குரலின் அதிர்ச்சி, குழாய்க்குள் இருக்கும் காந்தத்தின் உதவியால் கம்பிச் சுருளில் சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்கும். அது மறுமுனையில் குரலாகக் கேட்கும்.

எந்திர அறையில்தான் முக்கிய வேலை. எது நின்றது, ஏன் நின்றது என்று பார்க்கிறார்கள். பழுதான பகுதியைத் துண்டிக்கிறார்கள். அமுக்கி வைத்த காற்றைக் கொண்டு டீசல் எந்திரத்தைச் சுழற்றிக் கிளப்புகிறார்கள். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை.

டீசல் ஓடியதும் எல்லா சுவிட்சையும் ஒரே சமயத்தில் போட்டுவிடக் கூடாது. போட்டால் மறுபடியும் நின்றுவிடும். வரிசைப்படி போட வேண்டும். எந்திரத்துக்கு எண்ணெயும் தண்ணீரும் தரும் பம்பு முதலில். பிறகு சுக்கான், தீயணைக்கும் பம்பு, வழி காட்டும் கருவிகள், ராடார். சமையல் அறையும் குளிர்சாதனமும் கடைசியில்தான்!

குண்டு பட்டு, கம்பி அறுந்துவிட்டால்? தடித்த கேபிள் கம்பிகளைச் சுருட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தோளில் தூக்கிப் போய், அறைக்கு அறை இணைத்து, நல்ல பக்கத்திலிருந்து கெட்ட பக்கத்துக்கு மின்சாரம் கொண்டு போவார்கள்.

இந்தப் பயிற்சி எல்லாம் சும்மா வந்தது அல்ல. ஒவ்வொன்றும் உயிர் கொடுத்துக் கற்ற பாடம்.

ஒரே டார்பிடோ!

1941-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. இரண்டாவது உலக யுத்தம். "ஆர்க் ராயல்" என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஜிப்ரால்டருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று டார்பிடோவை ஏவியது. ஒரே ஒரு டார்பிடோதான் பட்டது.

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. பெரும்பாலான மாலுமிகள் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டார்கள். தண்ணீர் பாய்லர் அறைகளுக்குள் புகுந்தது. பாய்லர் அணைந்தது. நீராவி இல்லை. நீராவி இல்லாததால் டைனமோ இல்லை. டைனமோ இல்லாததால் பம்பு இல்லை. பம்பு இல்லாததால் தண்ணீர் ஏறியது. ஒன்றை ஒன்று தின்றது!

தனியாக ஓடக்கூடிய டீசல் ஜெனரேட்டர் அந்தக் கப்பலில் கிடையாது. வேறு ஒரு நாசகாரிக் கப்பல் பக்கத்தில் வந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தது. பயன் இல்லை. மறுநாள் காலையில் ஆர்க் ராயல் மூழ்கியது.

நல்ல காலம், சுமார் 1,500 பேரில் இறந்தவர் ஒருவர்தான். ஆனாலும் காப்டனை ராணுவக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். சேதத்தைத் தடுக்கும் ஆட்களைக் கப்பலில் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. குற்றவாளி என்று தீர்ப்பு ஆயிற்று. விசாரணை நடத்தியவர்கள், தனி டீசல் ஜெனரேட்டர் இல்லாததும் பெரிய குறை என்று கண்டார்கள்.

ஊமையான பீரங்கிகள்

ஒரு மாதம் கூட ஆகவில்லை. 1941-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி. மலாயாவில் குவாந்தான் நகருக்கு எதிரே, நடுக்கடலில் "பிரின்ஸ் ஆப் வேல்ஸ்" என்ற பெரிய போர்க்கப்பலை ஜப்பானிய விமானங்கள் தாக்கின.

டார்பிடோ, கப்பலின் பின்பக்கத்தில், விசிறியின் தண்டு இருக்கும் இடத்தில் பட்டது. தண்ணீர் குபுகுபு என்று புகுந்தது. எட்டு டைனமோக்களில் ஐந்து நின்றன.

விமானங்களைச் சுடும் பீரங்கிகள் பல திரும்பவில்லை. குண்டு இருந்தது, சுட ஆள் இருந்தார்கள், மின்சாரம் இல்லை! பம்புகள் நின்றன. கீழ்த்தட்டில் காற்று இல்லை. அறைக்கு அறை பேச முடியவில்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிக நேரத்தில் அந்தக் கப்பல் மூழ்கியது. கூட வந்த "ரிபல்ஸ்" கப்பலும் மூழ்கியது. இரண்டிலும் சேர்த்து 840 பேர் மாண்டார்கள்.

வாளியால் காத்த கப்பல்

மின்சாரம் போனாலும் மனிதன் சோரவில்லை என்றால் கப்பல் பிழைக்கும். அதற்கு உதாரணம் அமெரிக்காவின் "கோல்" கப்பல்.

2000-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி. ஏடன் துறைமுகத்தில் எண்ணெய் போட்டுக்கொள்ள கோல் நின்றிருந்தது. வெடிமருந்து நிரப்பிய சிறிய படகு பக்கத்தில் வந்து வெடித்தது. கப்பலின் பக்கத்தில் சுமார் 40 அடிக்கு ஓட்டை. 17 மாலுமிகள் இறந்தார்கள்.

மற்றவர்கள் இரவும் பகலும் தண்ணீரோடு போராடினார்கள். இரண்டு நாள் போன பிறகு, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரும் நின்றது. கப்பல் மறுபடியும் இருண்டது. தண்ணீர் மறுபடியும் ஏறியது.

மாலுமிகள் வரிசையாக நின்றார்கள். வாளியில் தண்ணீரை மொண்டு, கை மாற்றிக் கை மாற்றி வெளியே ஊற்றினார்கள். பம்பின் குழாயை வெளியே விட வழி இல்லாததால், கப்பலின் பக்கத்தில் தாங்களே ஒரு துளை போட்டார்கள்! கப்பலில் துளை போட்டுக் கப்பலைக் காப்பாற்றிய விந்தை அது.

கோல் மூழ்கவில்லை. அதை இன்னொரு ராட்சதக் கப்பலின் மேல் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். 2002-ம் ஆண்டு மறுபடியும் அது கடலுக்குப் புறப்பட்டது.

ஒரு பூஜ்யம் செய்த வேலை

எதிரியே இல்லாமலும் கப்பல் நின்றது உண்டு. 1997-ம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் "யார்க்டவுன்" என்ற கப்பலில் ஒரு மாலுமி, கம்ப்யூட்டரில் ஓர் இடத்தில் பூஜ்யம் என்று பதிந்துவிட்டார். கம்ப்யூட்டர் ஓர் எண்ணை அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்தது. முடியவில்லை. ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்றாக எல்லாக் கம்ப்யூட்டரும் மயங்கின. எந்திரம் நின்றது. இரண்டே முக்கால் மணி நேரம் கப்பல் அசையவில்லை!

1942-ம் ஆண்டு நவம்பரில், "சவுத் டகோட்டா" என்ற அமெரிக்கப் போர்க்கப்பலுக்கும் இருட்டு வந்தது. அதிக மின்சாரம் பாய்ந்தால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் சுவிட்சுகளை, துண்டித்துக்கொள்ளாதபடி கட்டி வைத்திருந்தார்கள். குவாடல்கனால் தீவுக்குப் பக்கத்தில் ராத்திரிச் சண்டை நடந்தபோது கோளாறு கப்பல் முழுவதும் பரவியது. ராடார் போயிற்று. மின்சாரம் சில நிமிடங்களில் திரும்பியது. ஆனால் அதற்குள் கப்பல் திசை தெரியாமல் எதிரியின் முன்னால் போய்விட்டது. சுமார் 40 பேர் இறந்தார்கள். வீட்டில் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வயிற்றைக் கிழித்து வைத்தியம்

பிரிட்டனின் ஆறு கப்பல்களுக்கும் என்ன வைத்தியம்?

டர்பைனை மாற்றவில்லை. துணைக்கு இருந்த டீசலை மாற்றத் தீர்மானித்தார்கள். 2 மெகாவாட் ஜெனரேட்டர் இரண்டையும் எடுத்துவிட்டு, 3 மெகாவாட் ஜெனரேட்டர் மூன்று வைப்பது என்று திட்டம். முன்பு டீசலின் சக்தி 4 மெகாவாட். இப்போது 9 மெகாவாட். சாதாரண ஓட்டத்துக்கு டீசலே போதும். டர்பைன் நின்றாலும் கப்பல் இருளாது.

இதற்காக 2018-ம் ஆண்டில் 16 கோடி பவுனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். எந்திரங்களை மாற்ற, கப்பலின் பக்கத் தகட்டை வெட்டித் திறக்க வேண்டும். வயிற்றைக் கிழித்துச் செய்யும் ஆபரேஷன்தான்!

டாண்ட்லெஸ் 2020-ம் ஆண்டு பிர்கன்ஹெட் பட்டறைக்குப் போனது. 2022-ம் ஆண்டு சோதனை ஓட்டத்துக்கு வெளியே வந்தது. 2017-ம் ஆண்டு முதல் வேலை இல்லாமல் கட்டிக்கிடந்த டேரிங், 2021-ம் ஆண்டு போய் 2023-ம் ஆண்டு ஜனவரியில் திரும்பியது. அதன் பிறகும் மற்றப் பழுது வேலைகளுக்காகத் துறைமுகத்திலேயே நின்றது. ஆறு கப்பலையும் முடிக்க 2028-ம் ஆண்டு ஆகும் என்று பாராளுமன்றத்தில் சர்க்கார் சொன்னது.

புது டீசலோடு டாண்ட்லெஸ் 2025-ம் ஆண்டில் நீண்ட பயணம் போனது. செங்கடலையும் இந்து மகாசமுத்திரத்தையும் தாண்டி ஜப்பான் வரை போயிற்று. அது காவலாகச் சென்ற விமானந்தாங்கிக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? "பிரின்ஸ் ஆப் வேல்ஸ்"! 1941-ல் மின்சாரம் இழந்து மூழ்கிய கப்பலின் பெயரையே இந்தப் புதுக் கப்பலுக்கும் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன?

"பிரிட்டிஷ் கப்பல் நின்றால் நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

2024-ம் ஆண்டு நவம்பரில் இந்தியாவும் பிரிட்டனும் போர்ட்ஸ்மவுத் நகரில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டன. இந்தியக் கடற்படையின் வருங்காலக் கப்பல்களுக்கு, மின்சாரத்தால் ஓடும் எந்திர அமைப்பைச் சேர்ந்து உருவாக்குவது அதன் நோக்கம். படைகளைக் கரையில் இறக்கும் பெரிய கப்பல்களில் இதை வைக்க எண்ணம்.

மின்சாரத்தால் ஓடும் கப்பல் கெட்டது அல்ல. எண்ணெய் மிச்சம். சத்தம் குறைவு. பல நாடுகளும் அந்த வழியில்தான் போகின்றன.

ஆனால் நம் கடற்படையின் வீடு எது? அரபிக்கடல், வங்காள விரிகுடா, இந்து மகாசமுத்திரம். எல்லாம் வெப்பமான கடல்கள். பிரிட்டனுக்கு வெயில் எப்போதோ வரும் விருந்தாளி. நமக்கு அது வீட்டு ஆள். ஆகவே, ஒப்பந்தம் எழுதும்போதே சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

எந்த அளவு சூட்டில் எந்திரம் முழுச் சக்தி கொடுக்கும்? அதைக் கோடை வெயிலில் சோதித்துப் பார்த்தாயிற்றா? பெரிய எந்திரம் நின்றால், சிறிய எந்திரம் கப்பலைத் தாங்குமா? வேறு யாரும் வாங்காத எந்திரம் என்றால், ஏன் வாங்கவில்லை?

இந்தக் கேள்விகளைக் கேட்கச் செலவு இல்லை. கேட்காமல் விட்டதற்குப் பிரிட்டன் கொடுத்த விலை 16 கோடி பவுனும், பல வருடங்களும். அது சமாதான காலம். யாரும் சாகவில்லை. யுத்த காலத்தில் இதே கோளாறு வந்திருந்தால், விலையை உயிரால் கொடுத்திருப்பார்கள்.

சிக்கனம் நல்லதுதான். ஆனால் துணை எந்திரத்தில் செய்யும் சிக்கனம், கிணற்றுக்குக் கயிறு வாங்கும்போது இரண்டு முழம் குறைத்து வாங்குவது போன்றது. மழைக்காலத்தில் குறை தெரியாது. கோடையில் தண்ணீர் கீழே போகும்போது, வாளி பாதியில் தொங்கும்!